“இன்ஸ்டால் ஆக மாட்டேங்குது, அக்கா”

எங்கள் துறையின் சர்வருக்குத் திரை கிடையாது, கீபோர்டும் கிடையாது. ஏசி போட்ட சின்ன அறையில், யுபிஎஸ் பெட்டிக்குப் பக்கத்தில், ஃபேன் இரைச்சலோடு இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பயன்படுத்துகிறவர்கள் யாரும் அந்த அறைக்குள் போவதில்லை. ஹாஸ்டலிலிருந்தோ ஆய்வகத்திலிருந்தோ லேப்டாப்பில் ஒரு கறுப்புச் சன்னலைத் திறந்து, எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைந்து, கட்டளைகளை டைப் செய்வார்கள். உள்ளே ஓடுவது லினக்ஸ். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. திருநெல்வேலியில் ஒரு கல்லூரியின் பயோஇன்பர்மேட்டிக்ஸ் துறை. நான் படித்தது எம்.சி.ஏ. தவளையை அறுக்க வேண்டியிருக்கும் என்று பயந்து பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்தவள். கடைசியில் மரபணுக்காரர்களிடமே வந்து சேர்ந்துவிட்டேன்.

பிள்ளைகள் என் அறைக் கதவைத் தட்டும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். “இன்ஸ்டால் ஆக மாட்டேங்குது, அக்கா.” செல்போனில் ஒரு தொடுதொட்டால் ஆப் இறங்கிவிடும் என்று வளர்ந்தவர்கள். ஆராய்ச்சிக்கு வேண்டிய ஒரு மென்பொருளைச் சர்வரில் ஏற்றுவதற்கே ஒரு வாரம் போகலாம் என்று வகுப்பில் யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பாடத்திட்டத்தில் அதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை. அது ஏன் ஒரு வாரம் பிடிக்கிறது என்று வெளியாட்களுக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

இப்போது என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவள் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற ஒரு மாணவி. கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியாவை ஆராய்கிறாள். ஆஸ்பத்திரிகளில் ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு அடங்காமல் போகும் கிருமிகளில் இது முக்கியமானது. இதன் டிஎன்ஏவில் சுமார் 55 லட்சம் எழுத்துகள். ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள்தான் மாறி மாறி வரும். டிஎன்ஏவைப் படிக்கும் கருவி இந்த 55 லட்சத்தையும் ஒரே மூச்சில் படித்துத் தருவதில்லை. 150 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக, ஒரே இடத்தைப் பலமுறை படித்து, லட்சக்கணக்கான துண்டுகளைக் கோப்புகளாகக் கொடுத்துவிடும். எந்தத் துண்டு எதோடு பொருந்துகிறது என்று கண்டுபிடித்து நீண்ட வரிசைகளாகக் கோப்பது ஸ்பேட்ஸ். ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உருவாகி 2012-இல் வெளிவந்த மென்பொருள். கோத்த வரிசையில் மரபணு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அது எந்தப் புரதத்துக்கானது என்று குறித்துத் தருவது பிரோக்கா. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டார்ஸ்டன் சீமன் தனியாளாக எழுதி 2014-இல் வெளியிட்டது. கிளெப்சியெல்லாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்கும். ஒரு சாதாரண பாக்டீரியாவை நான்கு கோர் உள்ள மேசைக் கணினியில் பத்து நிமிடம்போல முடித்துவிடலாம் என்று சீமன் தன் கட்டுரையில் எழுதியிருக்கிறார். பொய்யில்லை. ஏறிவிட்டால் பத்து நிமிடம்தான்.

ஏற்றுவதில்தான் பாடு. பிரோக்கா ஒரு மேஸ்திரி. தன் கையால் செங்கல் வைப்பது குறைவு. ஆளை வைத்து வேலை வாங்குவார். மரபணுவின் எல்லைகளைக் கண்டுபிடிக்க அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் எழுதப்பட்ட புராடிகல் வேண்டும். டிஆர்என்ஏ மரபணுக்களைத் தேட அராகார்ன். ரைபோசோம் ஆர்என்ஏவுக்கு பார்னாப். கிடைத்த புரதங்களை ஏற்கெனவே தெரிந்தவற்றோடு ஒப்பிட பிளாஸ்ட், ஹம்மர் இரண்டும் வேண்டும். வேலையை எல்லாக் கோர்களுக்கும் பங்கிட பேரலல். கடைசியில் ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத்தளம் ஏற்றுக்கொள்ளும் வடிவத்தில் எழுதிக் கொடுக்க டிபிஎல்2ஏஎஸ்என். மேஸ்திரி பெர்ல் மொழியில் எழுதப்பட்டவர் என்பதால் அவருக்கே பயோபெர்ல் என்ற தொகுப்பு தனியாக வேண்டும். இந்த ஆட்கள் ஒவ்வொருவருக்கும் சில உதவியாட்கள் தேவை. ஒருவர் வராவிட்டாலும் மேஸ்திரி வேலையைத் தொடங்க மாட்டார். அதைத்தான் மாணவி ‘இன்ஸ்டால் ஆகவில்லை’ என்கிறாள்.

இந்த மென்பொருள்களை விற்பதற்கென்று யாரும் எழுதவில்லை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவை ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில், ஒரு ஆராய்ச்சியாளர் தன் கேள்விக்கு விடை தேடும் அவசரத்தில் எழுதியவை. மனித மரபணுத் திட்டமே அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு ஆய்வகமும் ஒவ்வொரு வடிவத்தில் தரவை வைத்திருந்தபோது, பெர்ல் நிரல்களால் அவற்றை ஒட்டவைத்த கதையை லிங்கன் ஸ்டைன் 1996-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். ‘மனித மரபணுத் திட்டத்தைப் பெர்ல் எப்படிக் காப்பாற்றியது’ என்ற பொருளில் அதன் தலைப்பு. யூனிக்ஸ் இயந்திரங்களில், ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்குள் செலுத்தி வேலை பார்த்துப் பழகிய கூட்டம் அது. அந்தப் பழக்கம் அப்படியே லினக்ஸுக்கு வந்தது. அதனால்தான் இன்றும் இந்தத் துறையில் நல்ல கருவிகள் பலவும் லினக்ஸில் மட்டும் ஒழுங்காக ஓடுகின்றன.

எழுதியவருக்குப் பட்டம் கிடைக்கிறது, கட்டுரை வெளியாகிறது, வேறு ஊரில் வேலையும் கிடைக்கிறது. மென்பொருள் அநாதையாகிவிடுகிறது. இது என் ஆதங்கம் மட்டுமில்லை. 2019-இல் பிளாஸ் பயாலஜி இதழில் செர்கே மாங்குலும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். 2005 முதல் 2017 வரை கட்டுரைகளில் அறிவிக்கப்பட்ட 36,702 மென்பொருள் வளங்களின் இணைய முகவரிகளைச் சோதித்தார்கள். ஏறத்தாழ 28 சதவீதம் அந்த முகவரியில் இல்லை. 98 கருவிகளை எடுத்து நிறுவியும் பார்த்தார்கள். சுலபமாக ஏறியவை 51 சதவீதம். என்ன செய்தும் ஏறாதவை 28 சதவீதம். இந்தக் கட்டுரையை அச்செடுத்து என் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். “எனக்கு மட்டும்தான் வர மாட்டேங்குதோ” என்று கண் கலங்கி நிற்கும் பிள்ளைகளுக்குக் காட்ட வசதியாக இருக்கிறது.

எல்லோரும் முதலில் எட்டிப்பார்ப்பது ஏபிடி. உபுண்டு, டெபியன் வகை லினக்ஸில் ஒரு வரி அடித்தால் மென்பொருளையும் அது சார்ந்த எல்லாவற்றையும் அதுவே இறக்கி வைத்துவிடும். மருத்துவ, உயிரியல் மென்பொருள்களை டெபியனுக்குள் சேர்க்கவென்றே டெபியன் மெட் என்ற குழுவை ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் டில்லே 2002-இல் தொடங்கினார். அருமையான வேலை. ஆனால் ஏபிடியில் இரண்டு சிக்கல். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும். அன்றைக்கு என்ன பதிப்பு இருந்ததோ அதுவே உறைந்துவிடும். அடுத்தது, ஏபிடிக்கு ரூட் அதிகாரம் வேண்டும். சர்வரின் மொத்தச் சாவிக்கொத்து அது. ஐம்பது அறுபது பேர் பயன்படுத்தும் இயந்திரத்தில் அதை நான் யாருக்கும் கொடுப்பதில்லை, பேராசிரியர்களுக்கும் கூட. கையேட்டில் பார்த்தபடி, ரூட் அதிகாரம் கேட்கும் ‘சூடோ’ கட்டளையை அடித்துவிட்டு, “நீங்கள் அனுமதி பெற்றவர் பட்டியலில் இல்லை, இந்தச் சம்பவம் புகாராக அனுப்பப்படும்” என்று திரையில் ஆங்கிலத்தில் வந்ததும் வெலவெலத்துப்போய் வந்தாள் ஒரு முதலாமாண்டு மாணவி. “அக்கா, யார்கிட்ட புகார் போகும்?” என்றாள். “என்கிட்டதான். உட்கார்” என்றேன்.

மூலநிரலை இறக்கி நாமே கட்டுவது பழைய வழி. சுருட்டி வைத்த கோப்பைப் பிரித்து, ‘கன்ஃபிகர்’, ‘மேக்’, ‘மேக் இன்ஸ்டால்’ என்று மூன்று கட்டளை. சாம்டூல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெங் லீயும் கூட்டாளிகளும் 2009-இல் வெளியிட்டது, சி மொழியில் எழுதியது, டிஎன்ஏ துண்டுகளை ஒப்பிட்ட கோப்புகளைக் கையாள இதை விட்டால் வேலை ஓடாது. ‘மேக்’ அடித்ததும் நூற்றுக்கணக்கான வரிகள் சரசரவென்று ஓடி நிற்கும். பிள்ளைகள் கடைசி வரியைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். கடைசி வரியில் ‘பிழை’ என்று மட்டும்தான் இருக்கும். மேலே போய் முதல் பிழையைப் பார் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அங்கே ‘ஸெட்லிப் டாட் ஹெச் என்ற கோப்பு இல்லை’ என்று இருக்கும். ஸெட்லிப் என்பது கோப்புகளைச் சுருக்கும் நூலகம். 1995 முதல் இருக்கிறது. அது சர்வரில் இல்லாமலா போகும்? இருக்கும். ஓடுவதற்கு வேண்டிய பாகம் இருக்கும். அதைக்கொண்டு இன்னொன்றைக் கட்டுவதற்கு வேண்டிய தலைப்புக் கோப்பு ‘டெவ்’ என்ற வாலோடு தனிப் பொதியாக வரும். அதை ஏற்ற மறுபடி ரூட். அதாவது, நான்.

இந்த வழியை இப்போது நான் பெரிதாக ஊக்கப்படுத்துவதில்லை. ஆனால் ஒருமுறையாவது எல்லோரையும் செய்யவைப்பேன். ஒரு மென்பொருள் எதன்மேல் நிற்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

பலர் சேர்ந்து பயன்படுத்தும் சர்வரில் இதைவிடப் பெரிய தலைவலி பதிப்புகளின் சண்டை. ஒருவருடைய கருவிக்குப் பைத்தான் 2 வேண்டும். அந்த மொழிக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனாலும் அவருடைய வழிகாட்டி பத்து வருடத்துக்கு முன் செய்த ஆய்வை அதே கருவியில்தான் தொடர வேண்டும் என்கிறார். பக்கத்து இருக்கைக்காரருக்குப் புத்தம்புதிய பைத்தான் 3 வேண்டும். ஒருவருக்காகப் பொது நூலகத்தை மாற்றினால் இன்னொருவரின் வேலை பாதியில் விழும். இருவரும் என் அறை வாசலில் நிற்பார்கள்.

இதற்கு விடையாக வந்தது கோண்டா. 2012-இல் பைத்தான்காரர்களுக்காக ஒரு நிறுவனம் செய்தது. பிறகு எல்லா மொழிக்கும் பொதுவாகிவிட்டது. ஒவ்வொருவரும் தன் ஹோம் அடைவுக்குள்ளேயே தனித்தனிச் சூழல்களை உருவாக்கிக்கொள்ளலாம். பிரோக்காவுக்கு ஒன்று, ஸ்பேட்ஸுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் அதற்கு வேண்டிய பைத்தான், பெர்ல், ஸெட்லிப் எல்லாம் தனித்தனிப் பிரதியாக இருக்கும். ஒன்றுக்குள் நடப்பது மற்றதுக்குத் தெரியாது. ரூட் தேவையில்லை. மூலநிரலைக் கட்டவும் வேண்டாம். ஏற்கெனவே கட்டிய பொதிகள் இறங்கும். பிடிக்கவில்லையென்றால் சூழலை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம்.

அந்தப் பொதிகளை யார் கட்டி வைக்கிறார்கள்? இங்கேதான் எனக்கு நிஜமான மரியாதை. பயோகோண்டா என்ற பெயரில் உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து, ஒவ்வொரு உயிரியல் மென்பொருளுக்கும் ‘செய்முறை’ எழுதி வைக்கிறார்கள். மூலநிரல் எங்கே கிடைக்கும், எதெது வேண்டும், எப்படிக் கட்டுவது, கட்டியபின் ஓடுகிறதா என்று எப்படிச் சோதிப்பது என்று எல்லாம் அதில் இருக்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பார். பியோர்ன் க்ரூனிங், யோஹானஸ் கோஸ்டர் முதலானவர்கள் 2018-இல் நேச்சர் மெத்தட்ஸ் இதழில் இதைப் பற்றி எழுதியபோதே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகள் சேர்ந்திருந்தன. எழுதியவர் கைவிட்டுப் போன மென்பொருளை, முகம் தெரியாத யாரோ ஒருவர் ராத்திரி உட்கார்ந்து ஏறும்படி செய்து வைத்திருக்கிறார். பட்டமோ பதவி உயர்வோ இதற்குக் கிடைப்பது அபூர்வம்.

கோண்டாவிலும் குழி உண்டு. பொதிகள் ‘சேனல்’ என்ற களஞ்சியங்களிலிருந்து வருகின்றன. கோண்டா-ஃபோர்ஜ் முதலில், பயோகோண்டா அடுத்து என்று முன்னுரிமை வரிசை உண்டு. வரிசை மாறினால் ஒரு நூலகம் ஒரு இடத்திலிருந்தும் அதை நம்பும் மென்பொருள் வேறு இடத்திலிருந்தும் இறங்கும். அப்படிக் கிளம்பிய பிழைகளில் உலகப் புகழ் பெற்றது, சாம்டூல்ஸைக் கூப்பிட்டதும் வரும் ‘லிப்கிரிப்டோ 1.0.0 கிடைக்கவில்லை’. ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் புதிய பதிப்பு வந்து உட்கார்ந்திருக்கும். சாம்டூல்ஸ் பழையதைத் தேடும். புதிய கோப்புக்குப் பழைய பெயரில் ஒரு இணைப்பு வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று குறுக்குவழி சொல்பவர்கள் உண்டு. பல சமயம் ஓடவும் செய்யும். எனக்கு அது பிடிக்காது. அடுத்து வருகிறவர் அந்தப் பெயரை நம்பித்தானே மேற்கொண்டு கட்டுவார்? சேனல் வரிசையைச் சரிசெய்து சூழலைப் புதிதாக உருவாக்குவதே முறை.

காத்திருப்பு இன்னொரு சோதனை. நூற்றுக்கணக்கான பொதிகளில் எந்தப் பதிப்பு எதோடு ஒத்துப்போகும் என்று மொத்தமாகப் பொருத்திப் பார்ப்பது கணினியியலில் கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது. முன்பெல்லாம் ‘சூழலைத் தீர்க்கிறேன்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு கோண்டா மணிக்கணக்கில் யோசிக்கும். மாம்பா என்ற மாற்று வந்து அந்த யோசனையை வேகமாக்கியது. 2023-இல் வந்த கோண்டா 23.10 முதல் அந்த வேகம் கோண்டாவுக்குள்ளேயே வந்துவிட்டது. பழைய கோண்டாவை வைத்துக்கொண்டு அழுகிறவர்களுக்கு மினிஃபோர்ஜ் போடச் சொல்வேன். வணிகக் கட்டண நிபந்தனைகள் உள்ள களஞ்சியத்தைத் தொடாமல், கோண்டா-ஃபோர்ஜ் மட்டும் வைத்து வரும் பொதி அது. கல்லூரிக்கு அதுதான் நிம்மதி.

மறுபடி பிரோக்காவுக்கு வருகிறேன். எல்லாம் ஏறியபிறகும் அது நின்றுபோன இரண்டு சம்பவங்கள் இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். வருகிறவர்களிடம் தவறாமல் சொல்வேன். பிளாஸ்டின் பதிப்பு 2.9-க்கு அடுத்தது 2.10. வந்தது 2019 கடைசியில். பிரோக்காவோ பதிப்பு எண்ணைச் சாதாரணத் தசம எண்ணாகப் படித்துக்கொண்டிருந்தது. தசமத்தில் 2.10 என்றால் 2.1. ‘எனக்கு 2.2 அல்லது அதற்கு மேல் வேண்டும், உன்னிடம் இருப்பது 2.1’ என்று புத்தம்புது பிளாஸ்டைப் பழசு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டது. அடுத்த திருத்தத்தில் சரிசெய்தார்கள். இன்னொன்று டிபிஎல்2ஏஎஸ்என் கதை. அந்த நிரல் ஒரு வருடத்துக்கு மேல் பழசானால் ‘புதியதை இறக்கிக்கொள்’ என்று சொல்லிவிட்டு ஓட மறுக்கும்படி எழுதப்பட்டிருந்தது. சமர்ப்பிக்கிறவர்கள் காலாவதியான விதிகளில் தரவை அனுப்பக்கூடாது என்ற நல்லெண்ணம். ஆனால் நேற்றுவரை ஓடிய பிரோக்கா, யாரும் எதையும் தொடாமலே, ஒரு நாள் காலை கடைசிக் கட்டத்தில் வந்து நிற்கும். சர்வரில் எதுவும் மாறவில்லையே என்று தேடினால் கிடைக்காது, மாறியது நாள்காட்டி.

பழைய மென்பொருள்களோடு எனக்கு ஒரு பாசமும் உண்டு. எங்கள் பேராசிரியர் ஒருவர் புரதங்களின் வடிவத்தை ஆராய்பவர். ப்ரோசெக் இல்லாமல் அவருக்கு விடியாது. 1993-இல் லாஸ்கோவ்ஸ்கியும் சகாக்களும் வெளியிட்ட நிரல். ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவம் நம்பத்தக்கதா என்று ராமச்சந்திரன் வரைபடம் போட்டுச் சொல்லும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்ட வரைபடம் அது. புரதச் சங்கிலியின் கோணங்களில் எவை சாத்தியம், எவை அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. அன்று அவர்களிடம் இருந்த கணக்கு வசதியை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ப்ரோசெக் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டு, சி-ஷெல் என்ற பழைய கட்டளை மொழியில் கட்டப்பட்டது. இன்றைய உபுண்டுவில் அந்த ஷெல் இயல்பாக இருப்பதில்லை. அதனால் கோப்பு கண்ணெதிரே இருந்தும் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று திரை சொல்லும். தேடுவது அந்தக் கோப்பையல்ல, அதன் முதல் வரியில் எழுதியிருக்கும் ஷெல்லை. அந்த ஷெல்லுக்காக டிசிஎஸ்ஹெச்சையும் ஃபோர்ட்ரானுக்காக ஜிஃபோர்ட்ரானையும் ஏற்றிக் கொடுத்ததும் பேராசிரியர் தன் புரதப் புள்ளிகள் எல்லாம் அனுமதித்த பகுதிக்குள் விழுகின்றனவா என்று பார்க்கக் குனிந்துவிட்டார். நன்றி சொல்லக்கூட நிமிரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

கோண்டாவிலும் அடங்காதவற்றுக்குக் கன்டெய்னர். மென்பொருளோடு அதைச் சுற்றியுள்ள சின்ன லினக்ஸையே ஒரு கோப்பாகக் கட்டிக் கொண்டுவருவது. 2013-இல் வந்த டாக்கர் இதைப் பரவலாக்கியது. ஆனால் டாக்கரை ஓட்ட அனுமதிப்பது ஏறக்குறைய ரூட் கொடுப்பதற்குச் சமம். பொதுச் சர்வரில் அதை வைக்க என்னைப் போன்றவர்களுக்குத் துணிவு வராது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கிரெகரி குர்ட்சர் இதற்கென்று செய்ததுதான் சிங்குலாரிட்டி. 2021 முதல் அப்டெய்னர் என்ற பெயரில் லினக்ஸ் ஃபவுண்டேஷனில் இருக்கிறது. வெளியே நீ யாரோ, கன்டெய்னருக்குள்ளும் நீ அவரே; உள்ளே போனதும் ராஜாவாகிவிட முடியாது. இந்தக் குர்ட்சர் பெயரை ஆய்வக சர்வர் வைத்திருப்பவர்கள் இன்னொரு இடத்திலும் பார்த்திருப்பார்கள். சென்ட்ஓஎஸ் லினக்ஸின் தொடக்க காலத்தவர்களில் ஒருவர். சென்ட்ஓஎஸ் 8 அடுத்த வருடக் கடைசியோடு நின்றுவிடும் என்று 2020 டிசம்பரில் ரெட்ஹேட் அறிவித்தபோது, மாற்றாக ராக்கி லினக்ஸை அறிவித்தவரும் அவர்தான். சென்ட்ஓஎஸ்ஸின் ஆரம்ப நாட்களில் கூட வேலை செய்து, மறைந்துபோன நண்பர் ராக்கி மெக்காவின் பெயரை அதற்கு வைத்தார்.

மென்பொருள் சில எம்பி; அது தேடும் தரவுத்தளம் எத்தனையோ ஜிபி. இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. பிளாஸ்டின் பெரிய நியூக்ளியோடைடு தரவுத்தளம் மட்டும் நூற்றுக்கணக்கான ஜிபி. இரண்டு பேர் தத்தம் ஹோமில் ஆளுக்கொரு பிரதி இறக்கினால் சர்வர் மூச்சு முட்டிவிடும். ஆகவே அது பொது அடைவில் ஒன்றே ஒன்று. எல்லோரும் படிக்கலாம், யாரும் எழுத முடியாது. நினைவகமும் அப்படித்தான். ஸ்பேட்ஸ் 250 ஜிபி வரை ரேம் எடுத்துக்கொள்ளலாம் என்ற இயல்பு எல்லையோடு வரும். எங்களிடம் அதில் பாதிகூட இல்லை. எல்லையைக் குறைத்துச் சொல்லாமல் ஓட்டினால் மற்றவர்கள் வேலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். அதற்கு ஒரு சின்ன எம் எழுத்தும் ஒரு எண்ணும் போதும்; அதைப் போட மறந்தவர் கணக்கை ஒரு வாரம் பூட்டி வைப்பேன் என்று அறிவிப்புப் பலகையிலேயே எழுதியிருக்கிறேன்.

என் கறார் இன்னொரு விஷயத்தில். ஆய்வுக் கட்டுரையில் ‘பிளாஸ்ட் பயன்படுத்தினோம்’ என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பச் சொல்லி வழிகாட்டிகளிடம் சண்டை போடுவேன். எந்தப் பிளாஸ்ட்? அதிகபட்சம் எத்தனை பொருத்தங்கள் வேண்டும் என்று கேட்கும் ஒரு தெரிவைப் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று 2018-இல் ஒரு குழு எழுதியது. அதைத் தொடர்ந்து பார்த்தபோது நிரலிலேயே ஒரு பிழை இருப்பது தெரிந்து 2.8.1-இல் திருத்தப்பட்டது. 1990-இல் ஆல்ட்ஷுல் முதலான ஐவர் வெளியிட்ட காலத்திலிருந்து லட்சக்கணக்கானோர் நம்பும் கருவிக்கே இந்தக் கதி. பதிப்பு எண் இல்லாத முடிவை இன்னொருவர் எப்படிச் சரிபார்ப்பார்? கோண்டா சூழலை ஒரு வரியில் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். எந்தப் பொதி, எந்தப் பதிப்பு எல்லாம் அதில் வந்துவிடும். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அது இருந்தாக வேண்டும் என்பது எங்கள் துறையில் இப்போது வழக்கமாகிவிட்டது.

கிளெப்சியெல்லா மாணவிக்குப் பிரோக்கா தனிச் சூழலில் ஏறிவிட்டது. உடனே தன் தரவை ஓட்டப் போனவளை நிறுத்தினேன். முதலில் ஈ.கோலை கே-12. 1997-இலேயே முழுதாகப் படித்து முடித்த மரபுத்தொகுதி. சுமார் 46 லட்சம் எழுத்துகள், நாலாயிரத்து முந்நூறை ஒட்டிய மரபணுக்கள் என்று உலகுக்கே தெரியும். பிரோக்கா அதற்கு நாலாயிரத்துச் சொச்சம் சொன்னால் ஏறியது சரி. ஐந்நூறு சொன்னால், பிழைச்செய்தி எதுவும் வராவிட்டாலும், எங்கோ ஒரு ஆள் வேலைக்கு வரவில்லை. கட்டளை முடிந்து கர்சர் திரும்பிவிட்டது என்பதற்காக நிறுவல் முடிந்துவிட்டது என்று நான் கையெழுத்துப் போடுவதில்லை.

எண்ணிக்கை சரியாக வந்தது. அவள் தன் கிருமிகளை ஒவ்வொன்றாக ஓட்டத் தொடங்கினாள். மறுநாளே, ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்திலிருந்து 2021-இல் வந்த பாக்டா என்ற புதிய கருவி இதே வேலையை இன்னும் விவரமாகச் செய்யுமாமே, அதையும் போடலாமா என்று கேட்டு வந்துவிட்டாள். போடலாம். பயோகோண்டாவில் இருக்கிறது. ஆனால் அதன் முழுத் தரவுத்தளம் பத்துக்கணக்கான ஜிபி. பொது அடைவில் இடம் இல்லை. போன வருடம் முடித்துப் போன மாணவர்கள் விட்டுவிட்டுப் போன கோப்புகளைப் பட்டியல் எடுத்து, யாருடையது எது என்று விசாரித்து, அழிக்கலாமா என்று மெயில் போடும் வேலையை அவளிடமே கொடுத்திருக்கிறேன்.